மூன்று மாத சூப்பர்வைசர்

கெடாவின் புக்கிட் செலம்பாவில் பதவி என்று ஒன்று காலியானால் கூட்டம் கூடிவிடும். 2009 ஏப்ரல் 7ஆம் தேதி நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலில் ஒரே ஒரு நாற்காலிக்குப் பதினைந்து பேர் நின்றார்கள்; அதில் பதின்மூன்று பேர் சுயேச்சைகள். உட்கார்ந்திருந்தவரே எழுந்து போன நாற்காலியாயிற்றே என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட ஊரில், தானாக வந்த சூப்பர்வைசர் வேலையை மூன்றே மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் மெஷின் பக்கம் போய் நின்ற மனிதருக்கு என்ன பெயர் வைப்பது? 'முன்னாள்' என்று வைத்தார்கள்.

முன்னாள் தனி ஆள் இல்லை. சுங்கைப் பட்டாணிப் பக்கம் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களில் தொழிற்சாலைக்கு ஒருவராவது இப்படி இருப்பார். கண்டுபிடிப்பதும் சுலபம். நடக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையைப் பார்க்க மாட்டார். பரிமாறுகிறவர்களில் எத்தனை பேர் சும்மா நிற்கிறார்கள் என்று எண்ணுவார். வீட்டில் தோசை ஊற்றும்போது, "ஒண்ணுக்கு எத்தனை நிமிஷம் ஆவுது?" என்று ஒருநாள் கேட்டார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது தோசை இல்லை.

பதவி வந்தபோது அவருடைய அம்மாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. "நம்ம பாட்டன் தோட்டத்துல கங்காணிடா, தம்பி. ரத்தம் எங்க போவும்?" என்று லயத்துக் காலத்துச் சொந்தங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். அந்தக் கங்காணியின் கணக்கு வேறு என்பதை அம்மா மறந்துவிட்டார். ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வந்து நின்ற ஒவ்வொருவருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. இன்றைய சூப்பர்வைசருக்கு அதில் பாதிதான் மிச்சம்: காசு போய்விட்டது, தலைவலி இருக்கிறது.

பதவிக் கடிதத்தோடு இன்னொரு கடிதமும் வந்தது: யூனியனிலிருந்து விலகிக்கொள்ளவும். கம்பெனி அப்படிக் கேட்கலாம். நிர்வாகப் பதவிக்கு உயர்த்தப்பட்டவர் தொழிலாளர் சங்கத்தில் தொடரக்கூடாது என்று சொல்ல முதலாளிக்கு 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் இடம் தருகிறது. முன்னாள் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். யூனியன்காரர்களுக்கு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வாங்கிக் கொடுத்து, "உங்களுக்கு ஏதாவதுன்னா எங்கிட்ட வாங்க" என்று வேறு சொன்னார். கிளைச் செயலாளர் தே தாரிக்கை உறிஞ்சிக்கொண்டே, "நீ எங்க வரப்போறன்னு பாப்போம்" என்றார்.

முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்தது. அடிப்படைச் சம்பளம் ஏறியிருந்தது. அலவன்ஸ் என்று புதிதாக ஒரு வரியும் இருந்தது. ஓவர்டைம் என்கிற பழைய வரியைத்தான் காணோம். ஏதோ அச்சுப் பிழை என்று ஆபீசுக்குப் போனார். "நீங்க இப்ப எக்சகியூட்டிவ், சார்" என்றாள் அங்கிருந்த பெண். மூன்று மாதத்தில் அவரை யாராவது சார் என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்று ராத்திரி தன் லைனிலேயே வேலை பார்க்கும் மச்சானின் சீட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சட்டப்படி மச்சானுக்குச் சாதாரண நாள் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. தீபாவளிக்கு லைன் ஓடியது. இருவருமே வேலைக்குப் போயிருந்தார்கள். மச்சானுக்கு அந்த மாதம் மோட்டருக்குப் புது டயர் போடுகிற அளவுக்கு வந்தது. அதிகாரிக்கு மேனேஜரிடமிருந்து ஒரு டப்பா முறுக்கு வந்தது. அதுவும் முன்னாளின் மனைவியே சுட்டு ஆபீசுக்குக் கொடுத்தனுப்பிய முறுக்கு.

பணத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். போனைத்தான் பொறுக்க முடியவில்லை. விடியற்காலை இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் மெஷின் நின்றுவிட்ட படம் வரும். மெஷின் ஓட ஆரம்பித்ததும் அதற்கும் ஒரு படம் வரும். எம்.சி. எடுத்தவர் மருத்துவச் சீட்டை அனுப்புவார். எடுக்கப் போகிறவர் முன்கூட்டியே இருமி, குரலைப் பதிவுசெய்து அனுப்புவார். மேலே இருப்பவர் 'ஏன் டார்கெட் வரவில்லை' என்பார், கீழே இருப்பவர் 'ஏன் ஆள் தரவில்லை' என்பார். இரண்டுக்கும் முன்னாளிடம் இருந்த ஒரே பதில் கட்டைவிரல் படம். நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், இவர் தட்டோடு வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வானிலையைப் பற்றிக் கேட்டார்கள். கெடாவில் வெயிலைப் பற்றி எவ்வளவுதான் பேச முடியும்?

மூன்றாம் மாதக் கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஊர் சும்மா இருக்குமா? கணக்கில் ஏதோ உதைத்தது என்றது ஒரு கட்சி. இங்கிலீஷ் வரவில்லை என்றது இன்னொரு கட்சி. அம்மா மட்டும், "துரைங்களுக்கும் அவனுக்கும் ஒத்துவரல" என்று, துரைமார்கள் கப்பலேறி எத்தனையோ காலம் ஆன பிறகும், கௌரவமாகச் சொல்லிவந்தார். மச்சானின் சீட்டைப் பார்த்த கதையை யாரும் நம்பவில்லை. உண்மைக் காரணம் இவ்வளவு சாதாரணமாக இருந்தால் யார்தான் நம்புவார்கள்?

யூனியனில் சேரப் புதுப் பாரம் நிரப்பச் சொன்னார் செயலாளர். பழைய உறுப்பினர் என்றால் விலகிய காரணம் என்ன என்று கேட்டதற்கு, முன்னாள் 'தற்காலிகக் கோளாறு' என்று எழுதினார். செயலாளரின் அப்பா 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோதே சந்தா கட்டியவர். பக்கத்து பீடோங்கில் 1947இல் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர் இவர். அப்படிப்பட்டவர் சிரித்தபடியே முத்திரை குத்தினார் என்றால், அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது என்று அர்த்தம்.

கூட்டு ஒப்பந்தம் முடிகிற வருஷம் அது. இங்கே ஒரு ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டு நடப்பில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பேச்சில் கோட்டைவிட்டால் மூன்று வருஷத்துக்கு அழ வேண்டியதுதான். 'அந்தப் பக்கத்து ரகசியம் தெரிஞ்ச ஆளு' என்று முன்னாளைப் பேச்சுவார்த்தைக் குழுவில் போட்டார்கள். புதுச் சட்டை, இரண்டு பேனா, ஒரு கோப்போடு போய் உட்கார்ந்தார்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மின்சாரக் கட்டணம், டாலர் விலை, வராத ஆர்டர் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று மாதம் திங்கட்கிழமைதோறும் கேட்ட பாட்டு. முன்னாளின் தலை தானாக ஆடத் தொடங்கியது.

"ஆமாங்க, நம்ம நிலைமையும் அப்படித்தானே இருக்கு" என்றார்.

செயலாளர் மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தார். "எந்த நம்ம?"