ஒரே குக்கர், ஒரு வேளை

கேள்வி: ராஜீவ் காந்தி சாலை நெரிசலில் நீந்தி வீடு சேர ராத்திரி ஒன்பதாகிறது. ஒரே பாத்திரத்தில், வயிறு நிறைய ஒரு சூப் சொல்லுங்களேன்!
– வாசகி, நாவலூர்

பதில்: ஹோட்டல் சூப் பசியைக் கிளப்பிவிட்டு பில்லை நீட்டும். உங்களுக்கு நோன்புக் கஞ்சிதான் சரி. ரமலானில் இதற்காகவே பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசு பச்சரிசி வழங்குகிறது. குக்கரில் பட்டை, வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி வதக்கி, அரை டம்ளர் நொய், ஒரு பிடி பாசிப்பருப்பு, கொஞ்சம் வெந்தயம், கேரட், உப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கஞ்சி விசில் வழியே சுவரேறும். நாலு விசில். பிரஷர் தானாக அடங்கட்டும். அதற்குள் அலுவலக வாட்ஸ்அப்பின் ‘அவசரங்களும்’ அடங்கிவிடும். கடைசியில் தேங்காய்ப்பால், புதினா. ஆறினால் இறுகும், வெந்நீர் விட்டுக் கலக்குங்கள். தொட்டுக்கொள்ள மசால் வடை வேண்டுமென்றால், வரும் வழியிலேயே வாங்கிவிடுங்கள்.