பச்சைப் பந்தைக் கண்டால் விடாதீர்கள்!

கே: குளத்துத் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வட்டவட்டமாக என்னென்னவோ தெரிகிறது. எது உயிர், எது தூசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: தடித்த கறுப்பு விளிம்போடு, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல இருக்கிறதா? காற்றுக்குமிழி. மைக்ராஸ்கோப் வாங்கிய எல்லோருக்கும் முதல் தரிசனம் தருவது அதுதான்! கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெல்ல இறக்குங்கள், குறையும்.

எல்லாம் ஒரே பக்கம் போனால், ஓடுவது தண்ணீர். நின்ற இடத்திலேயே துடிதுடித்தால் உடனே உயிர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1827-இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியல் மேதைக்கே இந்தச் சந்தேகம் வந்தது. மகரந்தத்திலிருந்து வந்த துகள்கள் ஆடின. கண்ணாடியைப் பொடித்துப் போட்டார், அதுவும் ஆடியது! ஆட்டிவைப்பவை தண்ணீர் மூலக்கூறுகள்.

பச்சைப் பந்து ஒன்று உருண்டுகொண்டே போனால் மட்டும் கண்ணை எடுக்காதீர்கள். அது வால்வாக்ஸ் பாசி. மேலே பொட்டுப் பொட்டாகத் தெரிவது ஒவ்வொன்றும் ஒரு செல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழைகள். நூற்றுக்கணக்கில், சில இனங்களில் ஆயிரக்கணக்கில், அத்தனையும் சேர்ந்து அடிப்பதால்தான் பந்து உருள்கிறது. உள்ளே கரும்பச்சையாகச் சின்னப் பந்துகள் இருக்கின்றனவா? பிள்ளைகள். வளர்ந்ததும் தாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதையும் பார்க்க ஆசையிருந்தால் குழியுள்ள ஸ்லைடில் வையுங்கள், நசுங்காது. சொட்டு காயாமல் அவ்வப்போது குளத்துத் தண்ணீரே ஒரு துளி விடுங்கள்.