நீலக் குப்பி விசாரம்

அழிந்துபோன நகரங்களைப் பற்றியும், வற்றிப்போன நதிகளைப் பற்றியும், வழக்கொழிந்த பாஷைகளைப் பற்றியும் பண்டிதர்கள் எழுதிக் குவித்திருக்க, தயாரிப்பு நின்றுபோன ஒரு வாசனைத் திரவியத்தைப் பற்றி முறையான வியாசம் ஒன்றேனும் என் கண்ணில் படாததால், போதிய யோக்யதை இல்லாவிடினும் போதிய ஓய்வு இருப்பதை முன்னிட்டு, இவ்விசாரத்தில் அடியேன் இறங்கத் துணிந்தேன். எடுத்துக்கொண்ட பொருள் 'ஈவினிங் இன் பாரிஸ்' என்னும் செண்டு. மூல ஆதாரமாகக் கிடைத்தது, கும்பகோணத்தில் என் அத்தையின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கும் பாச்சை உருண்டைகளுக்கும் இடையே நெடுங்காலம் வாசம் செய்த, கருநீலக் கண்ணாடிக் குப்பி ஒன்று.

முதற்கண் பெயர் ஆராய்ச்சி. பாரிஸ் என்பது பிரான்ஸ் தேசத்துத் தலைநகரம் என்று கொள்வோர் ஒரு சாரார். சென்னை ஹைகோர்ட்டில் ஒரு வக்கீலிடம் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்த எங்கள் சின்னத் தாத்தாவோ, அது பாரிஸ் கார்னரையே குறிக்கும் என்று கடைசி மூச்சுவரை சாதித்துவந்தார். தாமஸ் பாரி என்ற வேல்ஸ் தேசத்து வியாபாரியின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த முனையில் சாயங்கால வேளையில் காற்று எப்படி இருக்கும் என்பதை அநுபவித்தவர்கள், அதைக் குப்பியில் அடைத்து விற்க எவனுக்கும் துணிச்சல் வராது என்றே சொல்வார்கள். ஆயினும் தாத்தாவின் கட்சியை அடியோடு தள்ளிவிடுவதற்குமில்லை: பூக்கடை அங்கிருந்து கூப்பிடு தூரந்தான், ஆறு மணிக்குமேல் காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால், சாக்கடையையும் மீறி ஒரு கணம் மல்லிகை வந்து போகும். 'அந்த ஒரு கணத்தைத்தான் வெள்ளைக்காரன் பிடித்திருக்கிறான்' என்பது தாத்தாவின் வாதம். எங்கள் வீட்டு இளைய தலைமுறையோ, 1967இல் வந்த ஹிந்தி சினிமாவின் பெயரைத்தான் செண்டுக்கு வைத்தார்கள் என்று நம்புகிறது. முப்பத்தொன்பது வயது மூத்த பாட்டிக்குப் பேத்தியின் பெயரை வைத்ததாகச் சொல்லும் இக்கொள்கைக்கு மறுப்பு எழுதுவதுகூட காகிதச் செலவு.

சரித்திரம் கூறுவது வேறு. பாரிஸ் நகரத்து பூர்ஷுவா கம்பெனியார் 1928இல் 'சுவார் தெ பாரி' என்று வெளியிட்ட இச்செண்டைக் கூட்டியவர், மாஸ்கோவில் 1881இல் பிறந்து, ருஷ்யப் புரட்சிக்குப் பின் பிரான்ஸில் குடியேறிய எர்னஸ்ட் போ. சீமாட்டிகள் உயிரென மதிக்கும் 'ஷனேல் நம்பர் 5' என்பதை 1921இல் கூட்டியதும் இதே கைதான். ஆகவே தமக்கை அரண்மனையில் வாழ்க்கைப்பட, தங்கை எங்களைப் போன்ற சம்பளக்காரர் வீடுகளுக்கு வந்து சேர்ந்தாள் என்று கொள்ளலாம். குப்பியின் நீலம் வெறும் அலங்காரம் என்று எண்ணுவது பிழை. வெளிச்சம் பட்டால் வாசனைத் திரவியங்கள் கெடும். ஆனால் அந்த நீலம் எவ்வளவு அடர்த்தி என்றால், உள்ளே திரவம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தாலும் புலப்படாது. வாசகர்கள் இக்குறிப்பைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1950இல் கல்யாணமான புதிதில், பம்பாய் போய்வந்த அத்திம்பேர் அத்தைக்கு வாங்கிக் கொடுத்தது அக்குப்பி. அது வெளியே வரும் தினங்கள் வருஷத்துக்கு நான்கைந்துக்கு மேற்படா. கல்யாணத்துக்குப் புறப்படும் சமயம், வாசலில் வண்டி வந்து நின்ற பிறகே அத்தை பீரோவைத் திறப்பாள். மூடியைக் கழற்றிச் சுட்டுவிரலால் வாயை அடைத்து, குப்பியை ஒரு தடவை கவிழ்த்து நிமிர்த்துவாள். விரல் நுனியில் பட்ட ஈரம் முதலில் வலது காதின் பின்புறம், பிறகு இடது காதின் பின்புறம், எஞ்சியது என் சட்டைக் காலரில். இந்தக் கிரியை முடிந்து வண்டியில் ஏறினால், எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, 'ஆஹா, ஈவினிங் இன் பாரிஸ்!' என்பார்கள். அது ஆசாரம்.

அறுபதுகளின் இறுதியில் அச்செண்டின் தயாரிப்பு நின்றது. அதன் பிறகுதான் எங்கள் குடும்பத்தில் அதன் மகிமை வளரலாயிற்று. இருந்த காலத்தில் அதைத் திரும்பிப் பாராத சித்தப்பாகூட, இன்றைய செண்டுகளை முகர்ந்து, 'இதெல்லாம் ஒரு வாசனையா!' என்று பெருமூச்செறியத் தொடங்கினார். 1992இல் அதே பெயரில் அது மறுபிறவி எடுத்தபோது, வெளிநாட்டிலிருந்த உறவுப் பையன் ஒருவன் மூலம் ஒரு குப்பி தருவித்து, கூடத்தில் அனைவரையும் கூட்டி நாசிப் பரீக்ஷை நடத்தினேன். முகர்ந்த ஏழு பேரும், அத்தை நீங்கலாக, 'இது அது இல்லை' என்று ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அத்தை மட்டும் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இத்தீர்ப்புக்கு சாஸ்திரீயமான காரணம் தேடியதில் சில மாதங்கள் கழிந்தன. வயலட் புஷ்பத்தின் மணம் இச்செண்டுக்கு ஜீவநாடி. அந்த மணத்தைத் தருவது அயனோன் என்னும் பொருள். ஜெர்மானிய ரசாயனிகளான டீமனும் குரூகரும் அதைச் செயற்கையாக உண்டாக்கி 1893இல் வெளியிட்டார்கள். அதன் குணம் விபரீதமானது: இரண்டு முறை முகர்ந்தால் மூக்கு அயர்ந்துபோய் வாசனையே இல்லாததுபோல் தோன்றும், சற்றுப் பொறுத்து, அழையாத விருந்தாளிபோல் மறுபடி வரும். சிலருடைய நாசிக்கு அதில் ஒரு வகை பிறவியிலேயே சரியாக எட்டாது. மேலும், வெர்சேல்ஸ் நகரில் 1990இல் ஸ்தாபிதமான ஆஸ்மோதேக் என்னும் நறுமணக் களஞ்சியத்தில், மறைந்த செண்டுகளை இருட்டில், பன்னிரண்டு டிகிரி குளிரில், ஆர்கான் வாயுவின் காப்பில் பத்திரப்படுத்துகிறார்கள். எங்கள் வீட்டிலோ காப்பாக இருந்தது பாச்சை உருண்டை. ஆகவே எங்கள் குடும்பம் ஏங்கிய பரிமளம், செண்டும் பாச்சை உருண்டையும் பட்டும் கலந்த ஒரு கூட்டுப் பதார்த்தமே என்று நிறுவி, எண்பது பக்கம் எழுதியும் முடித்தேன்.

அந்தச் சித்தாந்தத்தில் ஓர் ஓட்டை உண்டு என்பதை உலகத்தில் என்னைத் தவிர ஒருவரும் அறியார் என்றே எண்ணியிருந்தேன். 1958ஆம் வருஷத்து நவராத்திரியில், கொலுவுக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக் குளம் அமைத்து, செல்லுலாயிட் வாத்துகளை மிதக்கவிட்டிருந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், தாமரைக் குளமென்றால் மணக்க வேண்டாமோ என்ற கலா சிரத்தையினால், பீரோவைத் திறந்து நீலக் குப்பியைக் குளத்தில் கவிழ்த்து, கிணற்று ஜலத்தை நிரப்பி யதாஸ்தானத்தில் வைத்துவிட்டான். அந்த நீலத்துக்குள் எது இருந்தாலும் தெரியாதல்லவா? ஆகவே பிரான்ஸில் தயாரிப்பு நிற்பதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே எங்கள் வீட்டில் அது நின்றுபோயிற்று; அதற்குப் பின்னும் வண்டியில் ஏறியவர்கள் கண்ணை மூடி 'ஆஹா' என்றுதான் சொன்னார்கள். ஒரு புறத்தில் உள்ளம் குறுகுறுத்தாலும், கிணற்று ஜலத்தை முகர்ந்து பாரிஸைக் கண்டவர்களின் நாசியை எண்ணி மறுபுறம் வியந்தே வந்தேன்.

எண்பது பக்கத்தையும் ஒரு நாள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். இறுதிவரை கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏண்டா, வெறும் ஜலத்தைத் தடவிக்கொண்டு கல்யாணத்துக்குப் போக முடியுமா? ரெண்டாம் நாளே அத்தர் பாயைக் கூப்பிட்டு மரிக்கொழுந்து வாங்கி ஊற்றி வைத்துவிட்டேன். தீரத் தீர அவரே நிரப்பிக் கொடுப்பார்."

சித்தப்பாவின் பெருமூச்சும், ஏழு நாசிகளின் தீர்ப்பும், என் பாச்சை உருண்டைச் சித்தாந்தமும் கண்முன்னே சரிந்தன. "அப்போதே என்னை ஏன் கேட்கவில்லை?" என்றேன்.

அத்தை எழுந்துபோய், 1992ஆம் வருஷத்துப் புதுக் குப்பியைப் பீரோவிலிருந்து எடுத்துவந்து என் கையில் வைத்தாள். ஒரு சொட்டுக்கூடக் குறைந்திருக்கவில்லை.

"குளம் நன்றாக மணந்ததுடா," என்றாள். "இந்த வருஷமும் ஒரு தாம்பாளம் வைக்கலாம் என்றிருக்கிறேன். வாத்து இருக்கோ, பரணில் பார்."