பெட்ரோல் போட மட்டும் ஓட்டலாம்

அனுப்புநர்:
ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் இன்றைய தேதி உரிமையாளர்.

பெறுநர்:
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்.
(ஊர்ப் பெயர் எழுதவில்லை. எந்த ஊரில் பிரித்துப் படித்தாலும் பொருந்தும்.)

பொருள்: நல்ல நிலையில் உள்ள 1966ஆம் ஆண்டுக் காரை இணையம் வழியே விற்றது – உரிமை மாற்றம் – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கதவில் தொங்கும் 'உணவு இடைவேளை' பலகை.

ஐயா,

மேற்படி வண்டியை விற்க நேர்ந்தது வண்டியின் குறையால் அல்ல, என் இடது முழங்காலின் குறையால் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். கிளட்சை மிதிக்க அது மறுக்கிறது. வண்டியிடம் அப்படி எந்த மறுப்பும் இல்லை. சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் 948 சி.சி. இன்ஜின் உடனே பேச ஆரம்பித்துவிடும். இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி வரைந்த உடம்பு. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்து, 1961 முதல் நம் பெருங்களத்தூர் ஆலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக உருவானது. கல்கத்தாப் பக்கம் அம்பாசடர், பம்பாயில் பியட், மதராஸில் இது என்று நாட்டுக்கே மூன்று கார்கள் போதும் என்றிருந்த காலம். இருபத்தைந்து அடி அகலம் கொடுத்தால் முழு வட்டம் அடித்துத் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதியில் இதைச் செய்து காட்டியபோது ஓர் ஆட்டோக்காரர் எனக்கு வழிவிட்டார் என்றால் தாங்கள் நம்ப மாட்டீர்கள். ஆலை இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிற்கின்றன. கம்ப்யூட்டருக்கும் என் வண்டிக்கும் உள்ள தகராறைப் பிறகு சொல்கிறேன்.

விளம்பரம் கொடுத்தேன். பெயர் சொல்ல விரும்பாத அந்தச் செயலியில் மாடல் ஆண்டுப் பட்டியல் 1966 வரை இறங்கவில்லை. ஆகவே 'மற்றவை' பிரிவில் போட்டேன். ஒரு பக்கம் மீன் தொட்டி, மறுபக்கம் துணி காயப்போடப் பயன்பட்ட ட்ரெட்மில், நடுவில் என் ஹெரால்டு. அன்று மாலையே விசாரணைகள் வந்து குவிந்தன. "லாஸ்ட் பிரைஸ்?" என்று கேட்டவர்களுக்கு முதல் விலை என்ன என்பதில் அக்கறை இல்லை. "ஏசி கூலிங் எப்படி?" என்றார் ஒருவர். "ஏர்பேக் எத்தனை?" என்றார் இன்னொருவர். இந்த வண்டியில் காற்றுள்ள இடங்கள் ஐந்தே, ஸ்டெப்னியும் சேர்த்து என்று பதில் எழுதினேன். தன் புல்லட்டை எடுத்துக்கொண்டு காரைத் தரும்படி கேட்டவரும் உண்டு. மேற்கொண்டு நான் எவ்வளவு தருவேன் என்றும் கேட்டார்.

கல்யாண போட்டோகிராபர் ஒருவர் நேரிலேயே வந்தார். "வண்டி ஓடணும்னு அவசியமே இல்ல சார், நின்னா போதும். பொண்ணு சாயறதுக்கு ஒரு கதவு, மாப்பிள்ளை காலைத் தூக்கி வைக்க ஒரு பம்பர்" என்றார். இன்ஜினை எடுத்துவிட்டால் விலை குறையுமா என்ற கேள்வியையும் கூச்சமில்லாமல் கேட்டார். அவருக்குப் பின் காபிக்கடை அதிபர். ஹெரால்டில் பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மூக்கே முன்னால் சாய்ந்து நிற்கும் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதைப் பார்த்ததும் மனிதருக்கு யோசனை பிறந்துவிட்டது. "முன்பாதி மட்டும் தருவீங்களா? கேஷ் கவுண்டர் செய்யலாம்" என்றார். பின்பாதியை என்ன செய்ய என்று கேட்டேன். நல்ல பகுதியில் இன்னொரு கிளை திறந்தால் சொல்வதாகச் சொன்னார்.

இவர்களுக்கு நடுவே தங்கள் துறை கட்டாயம் அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய ஒருவர் தொலைபேசியில் வந்தார். எல்லையில் ராணுவப் பணியாம். வண்டியைப் பார்க்கவில்லை, பேரம் பேசவில்லை, ஆர்.சி. புக் கேட்கவில்லை. முழுத் தொகையையும் அப்போதே அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்பினார், அதை ஸ்கேன் செய்து என் ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வந்து விழுமாம். ரகசிய எண் கொடுப்பதற்குத்தான், வாங்குவதற்கு அது தேவையே இல்லை என்பது என் பேத்திக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய வேலைமுறையை மெச்சாமல் இருக்க முடியவில்லை. படிவம் இல்லை, நகல் இல்லை, "நாளைக்கு வாங்க" இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கும் பணியில் இருந்தார். குடிமகனின் பணத்தைக் குடிமகனே தள்ளிவிடும்படியாக ஓர் ஏற்பாட்டை இத்தனை சுருக்கமாக வடிவமைத்தவரை அரசுப் பயிற்சி வகுப்புக்கு அழைக்கலாம்.

கடைசியில் வந்தவர்தான் வாங்கியவர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளம்பெண். வந்ததும் சீட்டில் உட்காரவில்லை, படம் எடுக்கவில்லை. குனிந்து முன் சக்கரத்தின் உட்பக்கம் பார்த்துவிட்டு, "அங்கிள், ட்ரனியனுக்கு என்ன போடறீங்க?" என்றார். விசாரிக்க வேண்டிய நான் விசாரணைக் கூண்டில் நின்றேன். கியர் ஆயில்தான் என்றேன். "கிரீஸ் வச்சிருந்தீங்கன்னா அப்படியே திரும்பிப் போயிருப்பேன்" என்றார். ஹெரால்டின் முன்சக்கரம் திரும்பும் அந்த அடிமூட்டுக்கு எண்ணெய்தான் ஊட்ட வேண்டும்; கிரீஸ் திணித்தால் உள்ளே காய்ந்து, துருவேறி, ஒரு நாள் சக்கரம் தனியே மல்லாக்கப் படுத்துவிடும். இதை அறிந்த ஒருவர் இந்த மாநிலத்தில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிறார் என்று கண்டுகொண்டதும், நான் சொன்ன விலையை நானே குறைத்தேன். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைத் தின்னுமே என்று குழாய்களையும் விசாரித்தார். மாற்றிய ரசீதைக் காட்டினேன்; படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

இங்கே முடிந்திருக்க வேண்டிய விஷயம், ஐயா. தங்களால்தான் கடிதமாகிறது.

சட்டம் எனக்குத் தெரியும். மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். தெரிவிக்காமல் இருக்க எனக்கும் தைரியம் இல்லை. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. ஆகவே படிவம் 29, படிவம் 30, சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த தாள் எல்லாவற்றுடனும் தங்கள் இணையதளத்தின் வாசலில் நின்றேன். மூன்று எழுத்தும் நான்கு எண்ணுமான என் பதிவெண்ணைப் போட்டால் 'விவரம் இல்லை' என்கிறது. கையெழுத்தில் உள்ள ஆர்.சி. புத்தகம் கம்ப்யூட்டரில் ஏறவில்லையாம். ஏற்றுவதற்கு மனு போட வேண்டும். மனுவைத் திறக்க, வண்டியோடு பதிவான கைப்பேசிக்கு ஒரு எண் வருமாம். 1966இல் வண்டி வாங்கும்போது அப்பா கைப்பேசி எண் கொடுக்காமல் விட்டது குடும்பத்தின் அலட்சியம் என்று ஒப்புக்கொள்கிறேன். அந்தப் புத்தகத்தில் மதராஸ் மாநிலம் என்றுதான் இருக்கிறது. 1969 ஜனவரியில்தான் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. இப்போது நடப்பில் உள்ள மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டுடையது. மாநிலத்தின் பெயருக்கும் சட்டத்துக்கும் மூத்த ஒன்று, தான் இருப்பதாக நிரூபிக்க வரிசையில் நிற்கிறது.

கவுண்டரில் இருந்த அன்பர் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார்: "பேசாம விண்டேஜ்ல போட்டுடுங்க சார், மரியாதையா இருக்கும்." வீட்டுக்கு வந்து விதிகளைப் படித்தேன். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்தவை. முதல் பதிவிலிருந்து ஐம்பது வயது கடந்து, சேசிஸ், உடம்பு, இன்ஜின் பெரிதாக மாறாமல் இருந்தால் அந்தப் பட்டம் கிடைக்கும். பழைய பதிவெண்ணையே வைத்துக்கொள்ளலாம்; இதற்கு யோசனை சொன்ன புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அதன்பின் மறுபதிவுக்கு 5,000. மரியாதை என்று சொன்னதும் இதுதான்.

மரியாதைக்கு நிபந்தனை உண்டு. அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் போய் வரலாம். தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு எடுக்கலாம். பழுதுபார்க்கவும் பெட்ரோல் போடவும் ஓட்டலாம். இந்தக் கடைசி வாசகத்தை எழுதியவர் வண்டி வைத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும். பெட்ரோல் போட ஓட்டுகிறேன். ஓட்டியதில் பெட்ரோல் குறைகிறது. குறைந்ததைப் போட மறுபடி ஓட்டுகிறேன். நல்ல டிகிரி காபி கிடைக்கும் பெட்ரோல் பங்க்காகப் பார்த்துத் தேர்ந்துகொண்டால் சட்டத்துக்கு உட்பட்டே ஆயுளைக் கழித்துவிடலாம்.

பட்டம் வேண்டாம், சாதாரணக் காராகவே ஓடட்டும் என்றால் அதற்கும் தங்களிடம் ஒரு பெட்டி இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025இல் இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 10,000. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் பத்தாண்டில் நிற்கும் காருக்கும் ஓடும் காருக்கும் கட்டணம் ஒன்றே. அதன்பின் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் நிற்பதற்கு 5,000, ஓடுவதற்கு 10,000. பழைய வண்டி புகை கக்கும், அதனால் கட்டணம் என்றால் நியாயம், தலைவணங்குகிறேன். ஆனால் என் வண்டியின் புகைச் சான்று கையில் இருக்கிறது. சென்ற முறை பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஓட்டிப் பார்த்து, நிறுத்திப் பார்த்து, பானெட்டைத் திறந்தபோது முன்பாதி கழன்றுவிட்டதோ என்று ஒரு எட்டு பின்வாங்கி, பிறகு அதனோடு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார். 'எல்லாம் சரி' என்று கையெழுத்திட்டவரும் தங்கள் ஆள், வயதுக்கு அபராதம் கேட்பவரும் தங்கள் ஆள். அதே வரிசையில் எனக்கு முன்னால், வாங்கிய நாளிலிருந்து ஆயிலே மாற்றாத நான்கு வயதுக் கார் ஒன்று நீலப் புகை விட்டபடி வேறு வேலையாக வந்து முடித்துக்கொண்டு போயிற்று. அதன் வயது சரியாக இருந்தது.

ஆக, தங்கள் ஏட்டில் என் வண்டி ஒன்று கிழடு, அல்லது காட்சிப் பொருள். காபிக்கடைக்காரரும் போட்டோகிராபரும் கேட்டதைத்தான் அரசும் கேட்கிறது: ஓட வேண்டாம், நின்றால் போதும். அவர்களாவது பணம் தருவதாகச் சொன்னார்கள். அருங்காட்சியகத்தை நான் பழிக்கவில்லை. கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போய் வாய் பிளந்து நின்றவன்தான். ஆனால் வாரம் தவறாமல் ஓட்டியதால்தான் இந்த வண்டி இந்த நிலையில் இருக்கிறது. ஓட்டாமல் விட்டால் பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், கார்புரேட்டரில் பிசின் கட்டும், டயர் ஒரு பக்கமாகத் தட்டையாகும். நன்றாகப் பராமரித்ததற்கான பரிசு, இனிப் பராமரிக்க முடியாதபடி செய்வது என்றால் வாங்கியவரிடம் நான் எதை ஒப்படைக்கிறேன்?

அவருக்கு இரண்டும் வேண்டுமாம்: விண்டேஜ் பதிவும் வேண்டும், வேலைக்கும் அதில்தான் போக வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சட்டத்தை நம்மைவிட நன்றாகப் படிக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டார். ஒவ்வொரு நாளும் வீட்டிலிருந்து தொழிற்சாலை வரை எத்தனை டிகிரி சூடு ஏறியது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், இரண்டாவது கியரில் எந்த மேட்டில் முனகியது என்று குறித்து வைப்பாராம். மாலையில் அதே ஆராய்ச்சி எதிர்த்திசையில் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பழுதுபார்ப்பு. பெட்ரோல் போடுவது தனிக் கணக்கு.

எனவே ஐயா அவர்கள், மேற்படி இளம்பெண் அடுத்த சனிக்கிழமை வண்டியை என் வீட்டிலிருந்து ஓசூருக்கு ஓட்டிச் செல்வது எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் பதில் வராவிட்டால் தொழில்நுட்ப ஆராய்ச்சி என்றே எடுத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(உரிமையாளர், மேற்படி வண்டி)

இணைப்பு: படிவம் 29 இரண்டு பிரதிகள், படிவம் 30, புகைச் சான்று, பென்சில் தாள். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்க நகல், ஆராய்ச்சி தொடங்கியதும் தனியே அனுப்பப்படும்.