கந்தோர் அக்கா

கலியாணப் பேச்சில் "பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம்" என்றதும் மாப்பிள்ளை வீட்டாரின் முகம் மலரும். அதனால் சீதனம் குறையும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அது வேறு கணக்கு. தாலி ஏறிய மறுவாரமே மாமி சொல்லுவா: "உத்தியோகம் எண்டு குசினியை மறந்திடாதையும், பிள்ளை."

எங்கள் கந்தோர் அக்கா மறக்கவில்லை. விடிய நாலரைக்கு எழும்பி, புட்டு அவித்து, சம்பல் இடித்து, சொதி இறக்கி, "இஞ்சேரும், என்ர சாரம் எங்க?" என்பவருக்குச் சாரமும் எடுத்துக் கொடுத்து, சேலையோடு ஸ்கூட்டியில் ஏறி, எட்டரைக்குள் பிரதேச செயலகத்தில் விரல் வைக்க வேண்டும். சில நாள் கைரேகை மெஷினுக்கு அக்காவைத் தெரியாது. தேங்காய் திருவித் திருவித் தேய்ந்த விரல். பக்கத்து மேசைத் தம்பியை அது ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

பெண்களைப் படிப்பித்ததில் நாங்கள் பிந்தியவர்களா என்ன? உடுவில் மகளிர் கல்லூரி 1824இல் தொடங்கியது. இந்த இருநூறு வருஷத்தில் பெண்கள் அட்சரகணிதம் கடந்து எங்கேயோ போய்விட்டார்கள். ஆம்பிளைகள் இன்னும் தேத்தண்ணி ஊத்தும் பாடத்தில்தான் நிற்கிறார்கள்.

அக்காவுக்கு வேலை காணிக் கிளையில். ஊரின் எல்லைத் தகராறெல்லாம் அவவின் மேசைக்குத்தான் வரும். யாருடைய பேமிற் எந்தக் கோப்பில் என்று பார்க்காமலே சொல்லுவா. அப்படிப்பட்டவ, மகளின் படிப்புக்காகத் தன் சீதனக் காணியில் இரண்டு பரப்பு விற்கப் போனா.

"ஐயாவின்ர கையெழுத்து வேணுமே, அக்கா" என்றார் நொத்தாரிசு.

அக்காவுக்குத் தெரியாததா! ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்த தேசவழமை. அதன் வழியில் 1911இல் வந்த கட்டளைச் சட்டம். மனைவி தன் காணியை விற்கக் கணவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அவர் தன் முதுசக் காணியை விற்க அக்காவைக் கேட்கத் தேவையில்லை. வாரத்தில் இரண்டு பேருக்காவது அக்கா விளங்கப்படுத்துகிற சட்டம்தான்.

ஐயா வந்தார். "எந்தக் காணி, கிணத்தடியோ?" என்று கேட்டார். கண்ணாடியை அக்கா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தா. பேனையையும் கொடுத்தா.

"எங்கயப்பா வைக்கிறது?"

அக்கா பென்சிலால் ஒரு புள்ளடி போட்டுக் காட்டினா. அவர் சம்மதித்தார்.