கம்பூட்ஸ் வைக்கத் தக்க இடம்: நியூசிலாந்தின் வேன்வாழ் குடும்பங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

நியூசிலாந்தில் கேம்பர் வேனையே வீடாக்கிக்கொண்டு பண்ணை பண்ணையாகத் தங்கிப் போகும் குடும்பங்களைப் பற்றி எழுதியவர்கள் மலையை எழுதினார்கள், ஏரியை எழுதினார்கள், பிள்ளைகள் ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பதைப் படம் பிடித்துப் போட்டார்கள். படத்தில் இருந்த பிள்ளையின் கம்பூட்ஸ் என்னும் ரப்பர் பூட்ஸ் அன்றிரவு எங்கே படுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆய்வுலகம் காலங்காலமாகக் கண்டும் காணாமல் விட்ட இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சிக்கலின் அளவு. மாதிரிக்கு ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, பத்து வயதில் மகள், ஆறு வயதில் மகன். பெயர் வேண்டாம். இந்த விஷயத்தில் எல்லாக் குடும்பமும் ஒரே குடும்பந்தான். நான்கு பேர், எட்டு பூட்ஸ், ஆறு மீட்டருக்குள் அடங்கும் ஒரு வண்டி. அதற்குள்தான் அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, பகலில் மேசையாக இருந்து இரவில் கட்டிலாகும் பலகை எல்லாம். சட்டையைச் சுருட்டலாம், போர்வையை அமுக்கலாம். கம்பூட்ஸ் சுருளாது, நசுங்காது, அடுக்கினால் நிற்காது. அப்பாவின் பூட்ஸுக்குள் மகனின் பூட்ஸ் நுழையும். வெளியே வராது.

இனிப் பொருள் வரலாறு. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் வித்தையைத் தந்தவர் சார்ல்ஸ் குட்இயர். அதைக் காலணிக்குப் பயன்படுத்தும் உரிமையை வாங்கிய ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர், 1853இல் பிரான்ஸில் ரப்பர் பூட்ஸ் தொழில் தொடங்கினார். மரச் செருப்போடு வயலில் நின்றுகொண்டிருந்த பிரெஞ்சு உழவர்கள் அதன்பின் கால் நனையாமல் வீடு திரும்பினார்கள். கால் நனையவில்லை, வீடு நனைந்தது. இந்த இரண்டாவது விளைவுக்கு இன்றுவரை யாரும் காப்புரிமை கோரவில்லை. நியூசிலாந்தில் ஸ்கெல்லரப் நிறுவனம் 1958இல் ‘ரெட் பேண்ட்’ என்ற குட்டையான கம்பூட்ஸைக் கொண்டுவந்தது. பண்ணைக்காரரின் காலில் அன்று ஏறியது இன்னும் இறங்கவில்லை. வடதீவில் டைஹாபே என்ற சிற்றூர் தன்னை உலகத்தின் கம்பூட்ஸ் தலைநகர் என்று அறிவித்துக்கொண்டு, தகரத்தில் ஒரு ராட்சத பூட்ஸும் செய்து நிறுத்தியிருக்கிறது. 1985 முதல் அங்கே கம்பூட்ஸ் திருநாள் உண்டு. யார் அதிக தூரம் பூட்ஸ் எறிகிறார்கள் என்பது அதில் முக்கியமான போட்டி. பூட்ஸை எங்கே வைப்பது என்று கடைசிவரை தெரியாத ஒரு சமூகம், அதைத் தூக்கி எறிவதற்கு ஒரு விழா எடுத்தது என்பது என் துணிபு. வரலாற்றாசிரியர்கள் ஒப்ப மாட்டார்கள். அவர்கள் வேனில் வசித்ததில்லை.

வேன் பண்ணைக்குள் நுழையும் வழிகளையும் சுருக்கமாகப் பார்க்கலாம். 1956இல் தொடங்கிய நியூசிலாந்து மோட்டார் கேரவன் சங்கத்தின் உறுப்பினர்கள், இடம் தர இசைந்தவர்களின் நிலத்தில் வண்டியை நிறுத்தி இரவைக் கழிக்கலாம். உழைத்து உண்பது இன்னொரு வழி. 1971இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்டு என்ற பெண்மணி, வார இறுதியில் கிராமத்துக் காற்று வாங்க ஆசைப்பட்டு, சசெக்ஸில் எமர்சன் கல்லூரிப் பண்ணையில் வேலை செய்யச் சிலரைக் கூட்டிப்போனார். அதுதான் பிற்பாடு ‘வூஃப்’ என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது. நாளைக்கு நாலு முதல் ஆறு மணி நேர வேலை. பதிலுக்குச் சோறும் படுக்கையும். வேன்வாசிக்குப் படுக்கை கையோடு வருவதால் அவருடைய நாட்டமெல்லாம் சோறு, வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் மேல்தான். வெளிநாட்டுக்காரர் இதில் கவனமாக இருக்க வேண்டும். சோற்றுக்காகச் செய்தாலும் வேலை வேலைதான் என்பது நியூசிலாந்துக் குடிவரவுத் துறையின் நிலைப்பாடு. சுற்றுலா விசாவில் வந்து, கீரைப் பாத்தியில் களை பிடுங்கிவிட்டு ஒரு கிண்ணம் சூப் குடித்தால் அந்த சூப் சம்பளமாகிவிடும்.

பண்ணை என்றால் சேறு, சேறு என்றால் சாணம். வைப்பிடச் சிக்கல் வெறும் வீட்டுச் சண்டையாக நில்லாமல் தேசப் பிரச்சினையாவது இந்த இடத்தில்தான். 2017 ஜூலையில் தென் கேன்டர்பரியின் பால் பண்ணையொன்றில் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற மாட்டு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஒழிக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றார்கள். அந்த நோய் பெரும்பாலும் மாடுகளின் நெருக்கத்திலும் பாலிலும் பரவுவது; பூட்ஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு பண்ணை வாசலில் கிருமிநாசினி வாளியும் தேய்க்கும் பிரஷும் மும்முரமாகிவிட்டன. வடக்கே கௌரி என்னும் காட்டு மரங்களின் கதையில் பூட்ஸுக்கு நேரடிப் பங்கே உண்டு. வேரைத் தின்னும் ஒரு நுண்ணுயிர் மண்ணோடு பயணம் செய்கிறது. குண்டூசித் தலையளவு மண் போதும். மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது. வைபோவா காட்டில் டானே மஹூட்டா என்ற கௌரிப் பெருமரத்தைத் தரிசிக்கப் போகிறவர், முதலில் பூட்ஸின் அடிப்பாகத்தைத் தேய்த்து, கிருமிநாசினியில் நனைத்து, பிறகுதான் உள்ளே போக வேண்டும். நாம் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். அங்கே கழுவிப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஆக, ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே பூட்ஸ் கழுவப்பட்டாக வேண்டும். எதில் கழுவுவது? ‘தன்னிறைவு’ச் சான்று பெறும் வண்டியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளைக்கான தண்ணீர் கொள்ள வேண்டும் என்பது தரவிதி. நம் மாதிரிக் குடும்பத்துக்கு 48 லிட்டர். குடிப்பது, சமைப்பது, பாத்திரம், பல் எல்லாம் அதற்குள்தான். எட்டு பூட்ஸுக்கு அதில் ஒதுக்கீடு ஏதும் இல்லை.

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் முதலில் பிறர் கொள்கைகளை எடுத்து மறுத்துப் பரபக்கம் பாடி, பிறகே தம் கொள்கையைச் சுபக்கமாக நிறுவினார். பூட்ஸ் விஷயத்திலும் அதுவே முறை.

படிக்கட்டுவாதிகள் கட்சி பழையது. சறுக்குக் கதவைத் திறந்ததும் இருக்கும் படியில் கழற்றிப் போடு, தீர்ந்தது என்பார்கள். தீராது. காய்ந்த சேறு உதிர்ந்து கதவு ஓடும் தண்டவாளத்தில் இறங்கும். சில நாளில் கதவு முக்கால்வாசி வந்து நின்றுவிடும். பிறகு வெண்ணெய்க் கத்தியின் முனையால் தண்டவாளத்தைச் சுரண்டிக்கொண்டு அப்பா மழையில் நிற்பார். எந்தக் கத்தி என்பது அம்மாவுக்குத் தெரியவரும்போது விவாதம் வேறு தளத்துக்குப் போய்விடும்.

கழிப்பறைவாதிகள் தர்க்கத்தில் வல்லவர்கள். தண்ணீர் சொட்டினாலும் போக வழியுள்ள ஒரே இடம் அதுதானே என்பார்கள். ஆனால் சட்டம் குறுக்கே நிற்கிறது. கட்டில் விரித்திருக்கும் நிலையிலும் கழிப்பறை பயன்படத் தக்கதாக இருக்க வேண்டும், தலைக்கும் முழங்கைக்கும் போதிய இடம் வேண்டும் என்று அதே தன்னிறைவுத் தரவிதியின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. 2023இல் வந்த சட்டமோ கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று இறுக்கிவிட்டது. தலையைச் சொன்ன விதி, முழங்கையைச் சொன்ன விதி, பாதத்தைச் சொல்லவில்லையே, அங்கே பூட்ஸ் இருக்கலாமே என்று ஒரு நுட்பமான வாதம் உண்டு. நள்ளிரவில் விளக்குப் போடாமல் அங்கே போய், ஈர பூட்ஸுக்குள் வெறுங்காலை விட்டவர் எவரும் அந்த வாதத்தை மறுபடி எடுத்ததில்லை.

புறத்தார் என்போர் வண்டிக்கு அடியில், சக்கரத்தை ஒட்டிப் போடச் சொல்வார்கள். இந்தக் கொள்கையின் எதிரிகள் பலர். மழை ஒன்று. பண்ணை நாய் இன்னொன்று. அது ஜோடியாக எடுப்பதில்லை, ஒற்றையாகத்தான் எடுக்கும். தென்தீவின் மலையடிவாரமானால் கீயா இருக்கிறது. வண்டிகளின் ரப்பர்ப் பட்டையைக் கொத்தி உரிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட மலைக்கிளி அது. ரப்பராலேயே ஆன ஒரு பொருளை அதன் முன்னால் எட்டாக வரிசைப்படுத்தி வைப்பது விருந்துபசாரம். இவற்றையெல்லாம் தாண்டிப் பிழைத்த பூட்ஸ், புறப்படும் அவசரத்தில் மறக்கப்பட்டு, புல்லில் அப்படியே நிற்கும். வண்டி மட்டும் போய்விடும்.

பின்பக்கச் சைக்கிள் தாங்கியில் தலைகீழாகத் தொங்கவிடுவோரும் உண்டு. சரளைச் சாலையின் புழுதியைச் சொன்னாலே அவர்கள் கட்சி அடங்கிவிடும்.

இனிச் சுபக்கம். பண்ணை வீட்டின் பின்வாசல் தாழ்வாரத்தைக் கவனியுங்கள். அங்கே எப்போதும் ஒரு பூட்ஸ் வரிசை இருக்கும். பண்ணைக்காரருடையது, அவர் மனைவியுடையது, வளர்ந்து நகரத்துக்குப் போய்விட்ட பிள்ளைகளுடையது, யாருடையது என்றே தெரியாதது. வருகிறவர் தம் அளவுக்கு ஒன்றை எடுத்து, கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே குடியிருக்கும் சிலந்திக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்வார். வேலை முடிந்தால் அதே இடத்தில் கழற்றிவிட்டுக் காலுறையோடு வீட்டுக்குள் போவார். அந்த பூட்ஸ் வேறு பண்ணையின் மண்ணைக் கண்டதில்லை; இந்தப் பண்ணையின் மண் வேறெங்கும் போகப் போவதுமில்லை. வந்தவர்களுக்குப் பண்ணையே பூட்ஸ் தருவது நல்லது என்று நோய்த்தடுப்புக்காரர்கள் சொல்வதும் இதற்காகத்தான். எனவே வேனில் கம்பூட்ஸ் வைக்கத் தக்க இடம் எது என்ற வினாவுக்கு இந்த ஆய்வு கண்ட விடை: அப்படியோர் இடம் இல்லை. கம்பூட்ஸ் நிலத்தோடு சேர்ந்த சொத்து. கிணற்றைப் போல, வேலியைப் போல, அது பண்ணையிலேயே இருக்க வேண்டும். வண்டி ஏறவே கூடாது.

இந்த முடிபுக்கு ஒரே ஒரு தடை எழும். அதை மறைக்காமல் சொல்வது ஆய்வு அறம். தாழ்வாரத்து வரிசையில் அப்பாவுக்குக் கிடைக்கும், அம்மாவுக்குக் கிடைக்கும், பத்து வயது மகளும் இரண்டு காலுறை போட்டுச் சமாளித்துவிடுவாள். ஆறு வயதுக்காரனின் அளவு மட்டும் கிடைக்காது. அந்த அளவைப் பிள்ளைகள் ஒரு மழைக்காலத்துக்குள் தாண்டிவிடுகிறார்கள். தாண்டிய கையோடு அதை யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே மற்ற மூவர் கைவீசிக்கொண்டு இறங்க, கோழிக்குத் தீனி போட வேண்டியவன் மட்டும் வேனின் கீழும் மேலும் தன் பூட்ஸைத் தேடிக்கொண்டிருப்பான். கோழிகள் காத்திருக்கும்.

ஆகவே நியூசிலாந்துப் பண்ணைக்காரர்களுக்கு இந்த ஆய்வின் சார்பில் ஒரு விண்ணப்பம்: தாழ்வாரத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆகும் அளவில் ஒரு ஜோடி வைத்திருங்கள். வைக்கும்போது ஒன்று வலது, ஒன்று இடதுதானா என்று பார்த்து வையுங்கள்.