பேர் இல்லாத குரங்குக்குப் பாடு இல்லை

ஏன்டா பேராண்டி, பொன்னேரி காலேஜுல விலங்கியல் முடிச்ச கையோட காடு காடாப் போயி புதுக் குரங்கு கண்டுபிடிக்கப் போறியாமே? உங்க ஆயா சொல்லிச்சு. நல்லது கண்ணு. நம்ம வம்சத்துல எல்லாரும் குனிஞ்சு தண்ணியத் துழாவியே காலம் தள்ளியாச்சு. நீயாவது நிமிர்ந்து மரத்தைப் பாரு. நான் தடுக்க மாட்டேன். கெளம்பறதுக்கு முன்னால நாலு புத்தி மட்டும் கேட்டுக்கோ. நான் காடு பார்த்தவன் இல்ல. ராத்திரி ராத்திரி நீ ஃபோன்ல படிச்சுக் காட்டினதை வச்சுத்தான் பேசறேன். படிச்சது நீ, புரிஞ்சது எனக்கு.

பைனாகுலர் வாங்கற காசுல மொதல்ல ஒரு கவுளி வெத்தலை வாங்கிக்கோ. போற ஊர்ல குரங்கை யாரு அதிகமாத் திட்டறாங்கன்னு விசாரிச்சு, அந்த வீட்டுத் திண்ணையில வெத்தலையை வச்சிட்டு உக்காரு. அங்கதான் உன் ஆராய்ச்சி பாதி முடியும். 2005ல அருணாசலப் பிரதேசத்துத் தவாங் மலையில புதுக் குரங்கு இருக்குன்னு அனிந்திய சின்ஹா, அபராஜிதா தத்தா, மதுசூதன், சாருதத் மிஸ்ரான்னு நாலு விஞ்ஞானிங்க எழுதினாங்க. 1903க்கு அப்புறம் மக்காக்னு சொல்ற குரங்குக் கூட்டத்துல புதுசாப் பதிவான மொதல் குரங்காம். உலகமே அசந்து போச்சு. அங்க இருக்கற மோன்பா சனம் மட்டும் அசரல. அவங்க பயிரை மேஞ்ச குரங்கு அவங்களுக்குத் தெரியாதா? 'முன் சாலா'ன்னு கூப்பிட்டுக் கல்லால அடிச்சுத் தொரத்திக்கிட்டுத்தான் இருந்தாங்க. விஞ்ஞானிங்க அந்தப் பேரையே வாங்கிப் புஸ்தகத்துல போட்டாங்க. அந்த மட்டுக்கும் யோக்கியமான ஆளுங்க.

எங்க பார்த்தாலும் இதே கதைதான், கண்ணு. தான்சானியாவுல ருங்வே மலைப்பக்கம் ந்யாகியூசா சனங்க ஒரு கூச்சக் குரங்கைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கிபுஞ்சின்னு பேரு. இவங்க பேயி, பூதம் கதையும் நிறையச் சொல்றவங்க, இதுவும் அந்த வகைதான்னு ஆராய்ச்சிக்காரங்க மொதல்ல சந்தேகப்பட்டாங்க. அந்தப் பேயை 2005ல போட்டோவோட உலகத்துக்குச் சொன்னாங்க. அப்புறம் ஒரு குடியானவன் சோளக் கொல்லையில வச்ச பொறியில ஒண்ணு செத்துக் கெடைச்சுது. அதைச் சோதிச்சுப் பார்த்தா, தனிப் பேரினமாவே வைக்கணும்னு ஆயிடுச்சு. பொறி வச்சவன் பேரு எந்தப் புஸ்தகத்துல இருக்குன்னு நீயே தேடிச் சொல்லு.

காங்கோவுல லெசுலான்னு ஒரு குரங்கு. 2007ல ஓபாலாங்கிற ஊர்ல, பள்ளிக்கூடத்துக்காரர் வீட்டுல வளர்ந்துக்கிட்டு இருந்த குட்டியைத்தான் ஆராய்ச்சிக்காரங்க மொதல்ல பார்த்தாங்க. உலகத்துக்குச் சொல்ல 2012 ஆயிடுச்சு. பர்மாவுல கச்சின் பக்கம் 2010ல ஒண்ணு. மூக்கு மேல பார்த்துக்கிட்டு இருக்கும். மழை பெஞ்சா மூக்குல தண்ணி பூந்து தும்மும், அதனால மழையில தலையை முட்டிக்கால் நடுவுல சொருவிக்கிட்டு உக்காரும். இதைச் சொன்னது யாரு? வேட்டைக்காரன். மழை நாள்ல தும்மல் சத்தத்தை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடுவானாம். நீ மழைன்னா போர்வைக்குள்ள பூந்துக்கற ஆளு. அந்தக் குரங்கு உன் கண்ணுல எப்பிடிப்பா மாட்டும்?

பேரு வைக்கறதுல மட்டும் இவங்க கூத்து தாங்கல. 2017ல சீனாவுல ஒரு ஹூலக் குரங்குக்கு 'ஸ்கைவாக்கர்'னு பேரு. ஆராய்ச்சிக்காரங்க 'ஸ்டார் வார்ஸ்' சினிமாப் பைத்தியமாம். நம்ம ஊர்ப் பசங்க கண்டுபிடிச்சா மன்றம் கட்டி, பால் அபிஷேகம் பண்ணித்தான் வுடுவாங்க. பொலிவியாவுல 2005ல இன்னும் ஒரு படி மேல: குரங்குக்குப் பேரு வைக்கற உரிமையவே ஏலம் வுட்டாங்க. இணையத்துல சூதாட்டம் நடத்தற கம்பெனி ஒண்ணு 6,50,000 டாலர் குடுத்து எடுத்துச்சு. பாவம், சீட்டுக்கட்டையே பார்க்காத குரங்குக்குச் சூதாட்டக் கம்பெனி பேரு. சிரிக்காத, அந்தக் காசு அது இருக்கற மடிடி காட்டைக் காக்கப் போச்சு. கெட்ட காசு நல்ல வழிக்குப் போறதும் உண்டு.

இம்புட்டு நேரம் கிண்டல் பண்ணேனே, அதுக்காகப் பேரு வைக்கற வேலையே வெட்டி வேலைன்னு நெனச்சுடாத. நம்ம பழவேற்காடு ஏரியில பாடு முறை இருக்கே, அது உனக்குத் தெரியும். தண்ணி வேகமா ஓடற எடத்துல இன்னிக்கு யாரு வலை கட்டறது, நாளைக்கு யாருன்னு முறை வச்சு நடக்குது. பட்டியல்ல பேரு இருக்கறவனுக்கு நல்ல எடமும் வரும், சப்பை எடமும் வரும், ஆனா முறை தப்பாது. பேரு இல்லாதவன் எவ்ளோ பெரிய கெட்டிக்காரனா இருந்தாலும் கரையிலதான் நிக்கணும். அது நியாயமா இல்லையாங்கறது தனி வழக்கு. காட்டுலயும் அதே சட்டம்தான் ஓடுது. பட்டியல்ல ஏறாத குரங்குக்காகக் கோர்ட்டுல ஒருத்தனும் வாதாட மாட்டான்.

நம்ம தேவாங்கையே எடுத்துக்கோ. அதுவும் குரங்குக்குச் சொந்தக்காரன்தான். 1908ல கப்ரேரான்னு ஒரு ஸ்பெயின்காரர், மதராஸ்ல கெடைச்ச தேவாங்கை வச்சு எழுதி, லைடெக்கர்ங்கற வெள்ளைக்காரர் பேரைச் சூட்டினாரு. நம்ம பட்டணத்துத் தேவாங்குக்கு ஊர் பேரு தெரியாத ஆளு பேரு! அப்புறமும் ரொம்ப காலம் அதை சிலோன் தேவாங்கோட சேர்த்து ஒண்ணாவே எழுதி வச்சாங்க. இந்த ஒரு கால் நூற்றாண்டாத்தான் தனி இனம்னு ஒத்துக்கறாங்க. 2022ல கரூர், திண்டுக்கல் மாவட்டத்துல 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயம்னு நம்ம கவர்மெண்ட்டு ஒதுக்கிச்சு. நாட்டுலயே தேவாங்குக்குன்னு மொதல் எடம். ஜோசியக்காரன் தோள்ல குந்தியிருந்த பிராணிக்கு இப்ப பட்டா இருக்கு.

பேரு ஏறினதும் பொழைச்சுக்கும்னும் நெனச்சுடாத. சுமத்ராவுல 2017ல தபானுலி ஒராங்குட்டானைத் தனி இனம்னு சொன்னாங்க. சொல்றப்பவே 800க்கும் கம்மி, அது இருக்கற காட்டுல அணை கட்டற வேலை வேற. பர்மாவுல 2020ல போப்பா மலைக் குரங்கு. லண்டன் மியூசியத்துல நூறு வருஷத்துக்கு மேல கெடந்த தோலை வச்சுத்தான் அதை அடையாளம் கண்டாங்க. மிச்சம் இருக்கறது 200, 250. பீரோவைக் கொஞ்சம் சீக்கிரம் தொறந்திருக்கலாம்ல? எழுதின பேரை அடிக்கறதும் நடக்குது. நம்ம நாட்டுல ஹூலக் ரெண்டு இனம்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 2021ல ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆளுங்க மரபணு பார்த்து, ஒண்ணே ஒண்ணுதான்னுட்டாங்க. பட்டியல்னா அப்பிடித்தான், கண்ணு. அவசரப்பட்டு ஏத்தினவன் வெக்கப்பட்டு எறக்கணும்.

அதனால தவாங்குக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னால பக்கத்துல பழகு. ஏரிக்கு அந்தாண்ட ஸ்ரீஹரிகோட்டாக் காட்டுலயே தேவாங்கு இருக்கு. ராக்கெட் வுடறதுக்குப் போட்ட வேலி, சும்மா காட்டையும் சேர்த்துக் காத்துக்கிட்டு இருக்கு. ராக்கெட் நாள்ல நம்மளைக் கடலுக்குப் போகாதன்னு தொரத்தறாங்களேன்னு நான் கத்துவேன், தேவாங்கு கத்தாது. அனுமதி வாங்கி ராத்திரி முழிச்சு அதை எண்ணக் கத்துக்கோ. அங்க காலங்காலமா இருந்த யானாதிங்ககிட்டக் கேளு, எந்த மரத்துல குந்தும், எதைத் திங்கும்னு சொல்லுவாங்க.

கடைசியா ஒண்ணு, இதைத்தான் நீ மறப்ப. என்னிக்காவது நெசமாவே புதுசா ஒண்ணைப் பார்த்து எழுதினா, எழுதினவங்க வரிசையில உனக்கு வழி காட்டினவன் பேரையும் சேர்த்துப் போடு. கடைசியில நன்றின்னு ஒரு வரி எழுதிட்டு நழுவாத. குரங்குக்குப் பாடு வாங்கிக் குடுத்தவன், காட்டினவனுக்கும் ஒரு பாடு குடுக்கணும். என் பேரை எதுக்காவது வைக்கணும்னு உனக்கு ஆசை வந்தா, முள்ளு கம்மியான பிராணியாப் பாத்து வை. முள்ளு மீனுக்கு வச்சேன்னா, பொருத்தமான பேருதான்னு உங்க ஆயா ஊரெல்லாம் சொல்லிட்டு வரும்.